புறநகரில் வீடு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புறநகரில் வீடோ மனையோ வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் காகிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பத்திர நகல், லேஅவுட் வரைபடம், வங்கியின் கடன் கணக்கு, அப்புறம் விற்பவர் கொடுத்த ஒரு வண்ணப் படம். அந்தப் படத்தில் விமான நிலையம், ரயில் நிலையம், தொழிற்பூங்கா எல்லாமே பக்கத்தில் இருக்கும். அளவுகோல் மட்டும் இருக்காது.

பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்பதை வக்கீல் பார்த்துச் சொல்லிவிடுவார். நகரத் திட்டமிடல் என் தொழில் என்பதால் நான் கேட்பது வேறு. அந்த வீட்டு வாசலிலிருந்து, சொந்தக் கார் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் தொழிலுக்கு ஏற்ற எத்தனை வேலை இடங்களுக்குப் போக முடியும்?

"இப்போதைய ஆபீஸ் நாற்பது நிமிஷம்தான் சார்" என்பதுதான் வழக்கமான பதில். சரி, ஆனால் கடன் இருபது வருடத்துக்கு. அதுவரை அதே ஆபீஸில் இருப்போமா, அந்த ஆபீஸ்தான் அதே இடத்தில் இருக்குமா? இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வருபவர்கள் குறைவு.

பெருநகரங்களில் நெரிசலையும் வாடகையையும் சகித்துக்கொண்டு மக்கள் தங்குவதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான். ஒரு வேலை போனால் வீட்டை மாற்றாமலே இன்னொன்று தேடிக்கொள்ளலாம். முதலாளிக்கும் அதே வசதி: ஒருவர் விலகினால், அந்த வேலை தெரிந்த இன்னொருவர் அதே ஊரில் கிடைப்பார். நகரத்தின் பொருளாதார பலமே இதில்தான் இருக்கிறது. அதை அளக்கக் கிலோமீட்டர் உதவாது, நேரம்தான் உதவும். மனிதர்கள் ஒரு நாளில் போக்குவரத்துக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் சகாவி 1970களில் செய்த ஆய்வுகள்தான் அதற்கு அடிப்படை. நடந்து போன காலத்தில் நகரங்கள் சில கிலோமீட்டர் அகலத்தோடு நின்றன. டிராமும் ரயிலும் காரும் வந்த பிறகு விரிந்தன. நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் நேரம் மட்டும் பெரிதாக மாறவில்லை. சராசரி என்பதால் இதற்குள் பெரிய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. மூன்று மணி நேரம் பயணம் செய்பவரும் இதில் அடக்கம். அவர் விரும்பி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவைப் பார்க்கலாம். அங்கே 1972-ல் தொடங்கிய 'இன்ஃபோனவிட்' என்ற தொழிலாளர் வீட்டு நிதி, சம்பளத்தின் 5 சதவீதத்தை முதலாளிகளிடமிருந்து பெற்று, தொழிலாளர்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கிறது. 2000க்குப் பிறகு கடன்கள் வேகமாகப் பெருகின. கட்டுமான நிறுவனங்கள் நிலம் மலிவாகக் கிடைத்த இடங்களைத் தேடி ஊருக்கு வெளியே வெகுதூரம் போய், ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசை வரிசையாகச் சின்ன வீடுகளைக் கட்டின. வீடு சொந்தம், பத்திரம் சரி, கடனும் கட்டக்கூடிய அளவு. ஆனால் பக்கத்தில் வேலை இல்லை, வேலை இருந்த இடத்துக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டியிருந்தது. சம்பளத்தில் கணிசமான பங்கு பயணச் செலவாகவே போனது. பலர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்குள் வாடகைக்கோ உறவினர் வீட்டுக்கோ திரும்பினார்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. எல்லாமே இந்தக் காரணத்தால் காலியானவை அல்ல. வன்முறையும் வெளிநாட்டுக் குடியேற்றமும்கூடச் சேர்ந்ததுதான் அந்த எண்ணிக்கை. ஆனால் தூரம் ஒரு பெரிய காரணம். 2013-க்குள் அந்தத் துறையின் மூன்று பெரிய நிறுவனங்கள் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறின.

தூரமே தப்பு என்று நான் சொல்லவில்லை. தென்கொரிய அரசு 1989-ல் சியோலுக்கு வெளியே பூண்டாங், இல்சான் உட்பட ஐந்து புதுநகரங்களை அறிவித்தது. பூண்டாங்கில் 1991-ல் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1994-ல் ரயில் பாதை திறந்துவிட்டது. இல்சானுக்கு 1996-ல் வந்தது. தொடக்கத்தில் "தூங்குவதற்கான ஊர்" என்று கேலி பேசப்பட்ட நகரங்கள்தான் இவை. இன்று அங்கே யாரும் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுவதில்லை. மெக்சிகோவுக்கும் கொரியாவுக்கும் உள்ள வித்தியாசத்தில் வருமானத்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ரயில் எந்த வருடம் வந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குடிவந்து மூன்று வருடம் பொறுத்துக்கொள்ளலாம். பதினைந்து வருடம் என்றால் ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்பே முடிந்துவிடும்.

தூரத்தின் சுமை வீட்டில் எல்லோர் மேலும் சமமாக விழுவதும் இல்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டு, சமைத்து, முதியவரைக் கவனித்து, அதற்கு நடுவில் வேலைக்கும் போகிற பெண்ணுக்கு வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எட்டக்கூடிய வேலைதான் சாத்தியம். குடும்பம் வெளியே குடிபோகும்போது கணவர் பயண நேரத்தைக் கூட்டிக்கொள்கிறார், மனைவி வேலையை விட்டுவிடுகிறார். வங்கியில் காட்டிய கணக்கில் இரண்டு சம்பளம் இருந்திருக்கும். நான் ஆலோசனை சொல்லும் குடும்பங்களிடம் "இரண்டாவது சம்பளம் இல்லாமல் தவணை கட்ட முடியுமா?" என்று தனியாகவே கேட்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் கொஞ்சம் சூடு ஏறும், பரவாயில்லை.

தவணையை மட்டும் பார்ப்பதும் போதாது. வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. சிகாகோவில் உள்ள 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். அந்தக் கணக்கில் பார்த்தால், மலிவாகத் தெரிந்த பல புறநகர்கள் மலிவு இல்லை.

"ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பது விற்பவர்கள் சொல்லும் அடுத்த ஆறுதல். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி விரைவுச்சாலையை 2008-ல் அகலப்படுத்தி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 20 லேனுக்கு மேல் வரும். சில வருடங்களிலேயே நெரிசல் நேரத்துப் பயணம் மறுபடி நீளத் தொடங்கியது. காலியான சாலையைப் பார்த்து இன்னும் தொலைவில் வீடுகள் முளைக்கும், அந்த வீட்டுக்காரர்கள் அதே சாலையில்தான் வருவார்கள்.

ஆகவே வாங்கும் முன் வேலை நாளில், காலை நெரிசலில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் விற்பவரின் காரில் போனது கணக்கில் சேராது. மாஸ்டர் பிளானில் புள்ளிக்கோடாகப் போட்ட பாதை வெறும் முன்மொழிவுதான். அதற்கு நிலம் எடுத்திருக்கிறார்களா, நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு மனையின் விலையை யோசியுங்கள். ஊரிலிருந்து வெளியேற ஒரே சாலைதான் இருக்கிறதா, குடிநீரும் கழிவுநீரும் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள்.

இதெல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியது. ஆனால் வீடு எங்கே, வேலை எங்கே என்பதை முடிவு செய்வது நகரத் திட்டம்தான். திட்டங்களில் எத்தனை வீடு, எத்தனை ஹெக்டேர், எத்தனை லேன் என்றெல்லாம் எண்ணுவார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை வேலையை எட்டலாம் என்ற பட்டியலை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கோபன்ஹேகன் 1947-லேயே ரயில் பாதைகளை ஒட்டி, விரல்கள் நீள்வதுபோல நகரத்தை வளர்க்கத் திட்டம் போட்டது. பின்னாளில் அதோடு நிற்கவில்லை: 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்கள் பொதுவாக ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். வீட்டை ரயிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையை நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்தால் ரயிலால் பாதிப் பலன்தான்.

பல நாடுகளில் நகரத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுப்பார்கள். வரும் மனுக்களில் பெரும்பகுதி "என் நிலத்தின் வகைப்பாட்டை மாற்றுங்கள்" என்பதாகத்தான் இருக்கும். அடுத்த முறை உங்கள் பகுதிக்கு வரைவு வரும்போது இதையும் எழுதிக் கேளுங்கள்: இந்த வீடுகளிலிருந்து பொதுப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை வேலைகள், எந்த வருடத்திலிருந்து?