பின்னால் போடும் பார், முன்னால் கிடைக்கும் பிடி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கோ, கீரிப்பாறைப் பக்கமோ போகிற சாலைகளில் வளைவு அடுத்தடுத்து வரும். முன்சக்கரம் இழுக்கிற கார் அங்கே கொஞ்சம் வேகம் கூடினாலே ஒரே ஒரு குணத்தைக் காட்டும்: ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாகவே போகும். இதுதான் அண்டர்ஸ்டீர். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ என்று நம் தெருவில் நிற்கும் சின்ன கார்கள் பெரும்பாலும் இந்தக் குணம் உள்ளவை. வளைவில் வண்டி சாய்வதையும் மூக்கு நழுவுவதையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள், முன்பக்கம் தடித்த ஸ்டெபிலைசர் பார் மாட்டினால் இரண்டும் சரியாகும் என்று நினைக்கிறார்கள். சாய்வு குறையும். மூக்கு முன்னைவிட அதிகமாக நழுவ வாய்ப்புண்டு.

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒரே பொருள்தான். ஸ்பிரிங் எஃகில் செய்த, இரண்டு முனையும் வளைந்த ஒரு கம்பி. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் (கம்பியைச் சுற்றிய உறைகள்) வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும். முனைகளை லிங்க் ராடுகள் என்ற சிறு இணைப்புக் கம்பிகள் ஸ்ட்ரட்டோடோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), லோயர் ஆர்மோடோ (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) இணைக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எந்த வேலையும் செய்யாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போதுதான் கம்பி முறுக்கேறி எதிர்க்கும். வளைவில் சாயும் வண்டிக்கு நடப்பது இதுவே.

இனி கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ., இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 145 செ.மீ. வளைவின் ஆரம் 30 மீட்டர், வேகம் மணிக்கு 40 கி.மீ. பக்கவாட்டு முடுக்கம் சுமார் 0.42 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.42 பங்கு. அப்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 160 கிலோ பாரம் மாறுகிறது. இந்த 160 கிலோவை எந்த பாராலும் குறைக்க முடியாது. எடையும் மையத்தின் உயரமும் சக்கர அகலமும் வேகமும் வளைவும் சேர்ந்து தீர்மானிக்கிற எண் அது. பார் செய்வது பங்கு பிரிப்பது மட்டும்: முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று.

பங்கு ஏன் முக்கியம்? டயரின் பிடி, பாரம் கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. பாரம் இரட்டித்தால் பிடி இரட்டிக்காது, அதைவிடக் குறைவாகவே கூடும். அதனால் ஓர் அச்சின் இரண்டு டயர்களுக்கு நடுவே பாரம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகிறதோ, அந்த அச்சின் மொத்தப் பிடி அவ்வளவு குறையும். நம் உதாரண காரில் முன் அச்சு 620 கிலோ, பின் அச்சு 380 கிலோ சுமக்கிறது. மாறும் 160-இல் முன்பக்கம் 100, பின்பக்கம் 60 என்று பிரிந்தால் முன் டயர்களில் வெளிப்பக்கம் 410, உள்பக்கம் 210. பின்னால் ஒரு பார் போட்டுப் பங்கை 85, 75 என்று மாற்றினால் அது 395, 225 ஆகிறது. ஏற்றத்தாழ்வு குறைகிறது, மூக்கு பிடிக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை? பின் டயர்கள் 250, 130 என்ற நிலையிலிருந்து 265, 115-க்குப் போகின்றன, பின்பக்கப் பிடி கொஞ்சம் குறைகிறது. பார் பிடியை உண்டாக்குவதில்லை. தான் இருக்கும் அச்சிலிருந்து எடுத்து மறு அச்சுக்குக் கொடுக்கிறது.

முன்சக்கர இழுவை வண்டியில் இந்தப் பண்டமாற்று லாபமானது. முன் டயர்தான் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். உள்பக்க முன் சக்கரத்தில் கூடுதலாக நிற்கும் அந்த 15 கிலோ, வளைவிலிருந்து வெளியேறி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது சக்கரம் சும்மா சுழல்வதையும் குறைக்கும். பந்தயங்களில் ஓடும் முன்சக்கர இழுவை கார்கள் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு வளைவதைப் படங்களில் பார்த்திருக்கலாம். அந்தச் சக்கரத்துக்கு இழுக்கும் வேலை இல்லை, தூக்கினால் நஷ்டம் குறைவு.

முன் பாரைத் தடிமனாக்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு. முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்ட்ரட்டே சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டி சாயும்போது வெளிப்பக்க முன் டயரும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் நிற்கும். ஸ்பிரிங் மிகவும் மெத்தென்று இருந்து சாய்வு அளவு மீறினால், முன் பார் டயரை நிமிர்த்தி வைப்பதால் கிடைக்கும் ஆதாயம், பாரப் பங்கில் இழப்பதை மிஞ்சலாம். ஆனால் இது பிடி அதிகமுள்ள பந்தய டயரோடு மைதானப் போட்டி ஓட்டுபவரின் கவலை. தினமும் தக்கலை வழியாக வேலைக்குப் போகிறவர் முன் பாரைக் கம்பெனி கொடுத்தபடியே விடுவது நல்லது.

பார் வாங்கும்போது விட்டத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். சரியான கேள்விதான், ஆனால் எண்ணைத் தப்பாகப் படிக்கிறோம். திடக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். 20 மி.மீ.-இலிருந்து 22 மி.மீ. போனால் 46 சதவீதம் கூடுதல், 24 மி.மீ. என்றால் இரட்டிப்புக்கும் மேல். இரண்டு மி.மீ.தானே என்று அலட்சியம் வேண்டாம். கைநீளமும் பேசும்: முனைக் கை (கம்பியின் வளைந்த முனைப்பகுதி) 250 மி.மீ.-இலிருந்து 225 ஆனால் விறைப்பு 23 சதவீதம் ஏறும். முனையில் இரண்டு மூன்று துளை வைத்த பார்களின் சூட்சுமம் இதுதான், உள்துளை விறைப்பு, வெளித்துளை மென்மை. உள்ளே குழலான பாரும் மட்டமில்லை. 24 மி.மீ. விட்டம், 4 மி.மீ. கனம் உள்ள குழல், அதே விட்டத் திடக் கம்பியின் விறைப்பில் 80 சதவீதத்தைத் தரும், எடையோ 56 சதவீதம்தான்.

"50 சதவீதம் விறைப்பு கூடுதல்" என்று பெட்டியில் இருந்தால், அது பாருக்கு மட்டும் சொன்ன எண். அந்த அச்சின் சாய்வு எதிர்ப்பில் பெரும்பகுதி ஸ்பிரிங்கிலிருந்து வரும். பாரின் பங்கு 40 சதவீதம் என்றால், 50 சதவீத பார் மொத்தத்தில் கூட்டுவது 20 சதவீதமே.

நம் சின்ன கார்களில் இன்னொரு சிக்கல், பின்பக்கம் தனியாக பாரே இருக்காது. அங்கே இருப்பது டார்ஷன் பீம். சக்கரங்களைத் தாங்கிப் பின்னோக்கி நீளும் இரண்டு டிரெய்லிங் ஆர்ம்களை ஒரு குறுக்கு எஃகுத் தகடு இணைக்கிறது, அந்தத் தகடு முறுக்கேறுவதே ஸ்டெபிலைசர் பாரின் வேலையைச் செய்துவிடுகிறது. 1974-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்குப் பிறகு உலகமெங்கும் பரவிய அமைப்பு இது. இத்தகைய வண்டிக்கு விற்கும் பின் பார், இரண்டு டிரெய்லிங் ஆர்ம்களிலும் ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு அருகே போல்ட் போட்டு பீமுக்கு இணையாக நிற்கும். லிங்க் ராடு இல்லை, புஷ் இல்லை, தேய்மானமும் குறைவு. வாங்கும்போது ஒரு விதி: பீமில் புதிதாகத் துளை போடச் சொல்லும் கிட்டைத் தொடாதீர்கள். முறுக்கேறிக்கொண்டே இருக்கும் தகட்டில் போட்ட துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஏற்கெனவே இருக்கும் துளைகளிலோ கவ்விகளிலோ பொருந்துவதை வாங்குங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் பழசைப் பாருங்கள். குழி விழுந்த சாலையில் மெதுவாகப் போகும்போது முன்னால் "கடகட" என்று சத்தம் வந்தால் லிங்க் ராடு தேய்ந்திருக்கலாம். தேய்ந்த லிங்க்கில் ஆட்டம் தீரும் வரை பார் வேலை செய்யாது, வண்டி மெத்தென்று சாய்வது அதனாலும் இருக்கலாம். ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருந்தால் எந்த பாரும் உதவாது. பார் ஒரு ஸ்பிரிங்தான், அதன் ஊசலை அடக்குவது ஷாக்தான். டயர் காற்றையும் ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள்: பின்னால் உள்ளதைத் தொடாமல் முன் டயருக்கு 2 பிஎஸ்ஐ கூட்டி அதே வளைவைச் சட்டப்படியான வேகத்தில் எடுங்கள். அதிலேயே திருப்தி வந்தால் காசு மிச்சம்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் முதலாவது, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கைக் கழற்றுவது. பார் முறுக்கில் இருக்கும், நட்டு விடுபட்டதும் தெறிக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். லிங்க் நட்டைக் கழற்றும்போது நடு ஆணி சேர்ந்து சுழலாமல் அதன் தலையில் ஆலன் கீயைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் நின்ற பிறகே, கம்பெனி கையேடு சொன்ன டார்க்கில் (இறுக்கும் முறுக்குவிசை அளவில்). தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் ஒரே கீச்சொலி. ரப்பர் புஷ்ஷில் பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். பின் பார் மாட்டியதும் சைலன்சர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் எதிலும் உரசவில்லை என்பதைச் சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும் பாரம் ஏற்றிய நிலையிலும் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் போல்ட்களை மறுபடி இறுக்க வேண்டும்.

எவ்வளவு விறைப்பு என்ற கேள்விக்கு, இந்த மாவட்டத்தில் பதில் குறைவு என்பதே. பார் இடதையும் வலதையும் கட்டிப்போடுவதால், ஒரு சக்கரம் குழியில் விழும் அதிர்ச்சியில் ஒரு பங்கு மறுசக்கரத்துக்கும் போகும். ஓரம் உடைந்த தோட்டச் சாலையில் வண்டி தலையாட்டிக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய விஷயம் மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் இங்கே பெய்கின்றன. ரப்பர் தோட்ட நிழலில் சாலை காய நேரமாகும், இலையுதிர் மாதங்களில் சருகு வேறு. ஈரமான வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகும். விறைத்த பின் பார் அங்கே ஏற்கெனவே பிடியைக் குறைத்திருக்கிறது. வால் வெளியே வரும். வால் நழுவும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, பிரேக் தொடாமல், ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுத்தால் பெரும்பாலும் நிமிரும். அந்த அரை விநாடியில் அதை நிதானமாகச் செய்யக்கூடியவர் குறைவு. இதோடு நம்மூர் வழக்கம் ஒன்று சேர்ந்தால் ஆபத்து: புது டயர் இரண்டு வாங்கி முன்னால் போட்டுவிட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவது. பின் பார் போட்டவர் நல்ல டயர்களைப் பின்னால்தான் போட வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும்போது சாய்வை பார் ஓரளவு தடுக்கும். தடம் விலகுவதைத் தடுக்காது.

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் வண்டி நிற்குமானால் உப்புக் காற்றை மறக்க முடியாது. ஸ்பிரிங் எஃகில் துரு குழி விழுந்தால் பார் உடைவது அந்த இடத்தில்தான். புஷ்ஷுக்கு அடியில் ஈரம் தங்கி வெளியே தெரியாமல் அரிக்கும். வருடம் ஒரு முறை புஷ்ஷைத் திறந்து துடைத்து, பெயின்ட் உரிந்த இடத்தைத் தேய்த்து மறுபடி பூசுங்கள். துளை வைத்த பார் என்றால் முதலில் மென்மையான வெளித்துளையில் தொடங்கி, காலியிடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே ஒரு துளை உள்ளே வாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே துளையில். ஜூன் மாதம் மழை பிடித்ததும் மறுபடி வெளித்துளைக்கே மாற்றிவிடுங்கள், இரண்டு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும்.