பட்டாலியன்: பட்டாளமா, படைப்பிரிவா, அணியா?

காரைக்குடிக் கல்லூரிகளில் என்.சி.சி. சேர்ந்த பிள்ளைகள் 'ஒன்பதாவது தமிழ்நாடு பட்டாலியன்' என்று தங்கள் பிரிவைச் சொல்வார்கள். பக்கத்துக் கிராமங்களில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு வழி கேட்டால், 'பட்டாளத்தார் வீடா?' என்பார்கள். பட்டாலியனும் பட்டாளமும் ஒரே சொல்தான்.

லத்தீனில் 'பட்டுவெரே' என்றால் அடித்தல். அதிலிருந்து பிறந்த 'பட்டுவாலியா', போர்வீரர்கள் அடித்துப் பழகும் பயிற்சிக்குப் பெயர். பிறகு அது போரையே குறித்தது. இத்தாலியர் 'பத்தாலியோனே' என்று போருக்கு அணிவகுத்த பெருங்கூட்டத்தைச் சொன்னார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கும்பெனியாரின் படையோடு இங்கே வந்து பட்டாளம் ஆனது. வடக்கே பல்டன் ஆனது. 1801-இல் மருதிருவரை எதிர்த்துக் காளையார்கோயில் காட்டுக்குள் நுழைந்ததும் இந்தப் பட்டாளங்கள்தான்.

காலாட்படையில் பட்டாலியன் என்பது சுமார் 800 பேர். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன், மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி. நான்கு ரைபிள் கம்பெனிகளும் ஆதரவு, தலைமையகக் கம்பெனிகளும் சேர்ந்தால் பட்டாலியன். எண்ணிக்கை காலத்துக்குக் காலம் கூடும், குறையும்.

ஆனால் 800 பேரைச் சேர்த்துவிட்டால் மட்டும் பட்டாலியன் ஆகிவிடாது. இரண்டாம் உலகப்போரின்போது இந்திய ராணுவம் அவசர அவசரமாகப் புதுப் பட்டாலியன்களைத் திரட்டியது. பழைய பட்டாலியன்களிலிருந்து அனுபவமுள்ள அதிகாரிகளையும் சுபேதார், ஹவில்தார்களையும் பிரித்தெடுத்துப் புதியதற்கு அனுப்பினார்கள். கொடுத்த பட்டாலியனுக்கு அது பெரிய இழப்பு. வள்ளுவர் தொல்படை என்று ஏன் தனியே சொன்னார் என்பது இங்கே நன்றாக விளங்கும்: தோல்வி முகத்திலும் அஞ்சாமல் நிற்கும் துணிவு வழிவழி வந்த படைக்குத்தான் உண்டு என்கிறார். அந்தப் பழமையில் ஒரு பிடியைத்தான் புதுப்படைக்குள் விதைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பயிற்சியும் கீழிருந்து மேலே போகும். முதலில் கவாத்து, நீண்ட நடை, 303 துப்பாக்கி. அப்புறம் செக்‌ஷன்: ஒருவர் பிரென் இயந்திரத் துப்பாக்கியோடு தரையில் படுத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் தோட்டாப் பெட்டியை மாற்றிக் கொடுப்பார். மற்றவர்களின் பைகளிலும் அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாக்கள் இருக்கும். அதாவது, தன் துப்பாக்கியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது என்பதை முதல் பாடமாகவே உடம்பு கற்றுக்கொள்ளும். பிறகு பிளாட்டூன், கம்பெனி, கடைசியாக முழுப் பட்டாலியனும் சேர்ந்த ஒத்திகை. பயிற்சிக்குப் பெயராக இருந்த சொல் இந்தப் படைக்கு வந்து அமைந்தது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'பட்டாளத்துக்குப் போயிருக்கிறான்' என்றால் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறான் என்றுதான் பொருள், அளவைக் காட்டாது. நாளிதழ்கள் எழுதும் 'படைப்பிரிவு' எந்தப் பிரிவுக்கும் பொருந்தும் என்பதால் குழப்பும். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில் பட்டாலியனை 'அணி' என்றே எழுதுகிறார்கள்; 9-ஆம் அணி மணிமுத்தாறில் இருக்கிறது. இலக்கியத்திலும் அணிக்குப் படைவகுப்பு என்ற பொருள் உண்டு. ஆகவே 'காலாட்படை அணி' என்பதே சரியான சொல் என்பேன். பேச்சில் பட்டாளம் இருக்கட்டும். அதை யாரும் திருத்த வேண்டாம். ரெஜிமென்ட் என்பது பல அணிகளுக்குத் தாய்வீடு போன்றது, அதையும் அணி என்று எழுதிவிடக் கூடாது.