பொங்கல் முற்றத்தில் ஒரு சோடாப் போத்தல்

யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல் வரும்போது மாரி மழையில் விறகெல்லாம் ஊறிப்போயிருக்கும். விடியப்புறம் முற்றத்தில் அடுப்பு மூட்ட யாராவது ஒருவர் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவருவார். தீ பிடித்ததும் எல்லோர் கண்ணும் பானையில். போத்தல் கோலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். தாகத்தோடு வரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது சோடாதான்.

ஒரு மிடறு குடித்த பிள்ளை, நாற்றம் தாங்காமல் இருமும். அந்த இருமலில்தான் ஆபத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போன மண்ணெண்ணெயைக் குடல் அதிகம் உறிஞ்சுவதில்லை. மூச்சுக்குழாய்க்குள் நழுவும் சில துளிகள்தான் கேடு செய்கின்றன. தேங்காயெண்ணெயின் கொழகொழப்பு இதற்குக் கிடையாது, கிட்டத்தட்டத் தண்ணீர் போலவே ஓடும். மேற்பரப்பு இழுவிசையோ தண்ணீரின் பாதிக்கும் குறைவு. அதனால் துளி துளியாக நிற்காமல் படலமாகப் படரும். சீமெந்துத் தரையில் சிந்தினால் எப்படிப் பரவுகிறதோ, நுரையீரலுக்குள்ளும் அப்படித்தான்.

அங்கே கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் உண்டு. ஒவ்வொன்றின் உட்சுவரிலும் கொழுப்பாலான ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். மூச்சை விடும்போது அறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். மண்ணெண்ணெய் கொழுப்பைக் கரைக்கும். பூச்சுக் கெட்டதும் அறைகள் ஒட்டிக்கொள்ளும், சுவர் வீங்கி நீர் கசியும். பிள்ளைக்கு மூச்சு வாங்கும், காய்ச்சலும் வரும்.

சரி, பதற்றத்தில் வீட்டில் என்ன செய்கிறோம்? உப்புத் தண்ணீர் கொடுத்து, தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கிறோம். வயிற்றில் பேசாமல் கிடந்த எண்ணெய் மறுபடியும் மூச்சுக்குழாய் வாசலுக்கு வந்துவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிள்ளை சிரித்து விளையாடினாலும் போகத்தான் வேண்டும். அறிகுறிகள் சில மணிநேரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால், குறைந்தது 6 மணிநேரமாவது வைத்தியர்கள் வைத்துப் பார்ப்பார்கள்.

பண்டிகைக்குப் பெயின்ட் அடிக்க வாங்கும் டர்பன்டைனும் இதே வகைதான். அதையும் குடிக்கும் போத்தலில் ஊற்ற வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது காவோலை, சிரட்டை, பன்னாடை எல்லாவற்றையும் மார்கழி பிறக்கும் முன்பே மழை படாமல் விறாந்தைக்கு ஏற்றிவிடுகிறோம். பொங்கலன்று ஒரு நெருப்புக்குச்சியே போதுமாக இருக்கிறது.