மேம்பாலம் இறங்கும் இடத்தில் தொடங்கும் வரிசை

சென்ற மாதம் ஒரு மேம்பாலத்தின் திட்ட வரைபடம் கருத்துக் கேட்டு என் மேசைக்கு வந்தது. அதே சாலையில் இதற்கு முந்தைய சந்திப்பில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட பாலத்தின் வரைபடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாலம் திறந்து ஓராண்டு முடிவதற்குள், பழைய சிக்னலில் நின்றுகொண்டிருந்த வாகனங்கள் அடுத்த சிக்னலில் போய் நிற்கத் தொடங்கின. மாலை நேரங்களில் வரிசை பின்னோக்கி வளர்ந்து பாலத்தின் மேலேயே ஏறிவிடுகிறது. இப்போது அந்த அடுத்த சந்திப்பிலும் ஒரு பாலம் கட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். புதிய பாலம் தரையைத் தொடும் இடத்திலிருந்து இருநூறு மீட்டரில் வரைபடம் முடிந்துவிடுகிறது. மூன்றாவது சந்திப்பு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அது வரைபடத்திலேயே இல்லை.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்ற நம்பிக்கையைப் பொதுமக்கள் கொண்டிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. திட்டம் தீட்டுகிறவர்களே அதைக் கொண்டிருப்பதுதான் பொறுக்கவில்லை. ஆகவே இந்த ஒரு கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுக் காட்டுகிறேன். பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்தில் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒரு கார் நிறுத்தக் கோட்டைக் கடக்கும். ஒரு மணி நேரம் முழுவதும் பச்சையாகவே எரிந்தால் 1,800 கார்கள் போகும். ஆனால் நான்கு பக்கச் சாலைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சந்திப்பில் நமக்கு மூன்றில் ஒரு பங்கு பச்சை கிடைப்பதே தாராளம். அந்தக் கணக்கில் ஒரு தடம் 600 கார்களைத்தான் கடத்தும். மூன்று தடங்கள் சேர்ந்தால்தான் 1,800. அதாவது, தடையில்லாத சாலையில் ஒரே தடம் கொண்டுவந்து சேர்க்கும் வாகனங்களைச் சந்திப்பில் கடத்திவிட மூன்று தடங்கள் வேண்டும். சந்திப்பைத் தொடாமல், இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள சாலையை மட்டும் மூன்று தடத்திலிருந்து ஐந்தாக்கினால் கிடைப்பது வாகனங்கள் நிற்பதற்கான கூடுதல் இடம் மட்டுமே. நிறுத்துமிடம்தான் தேவை என்றால் அதற்கு இவ்வளவு மரங்களை வெட்ட வேண்டியதில்லை. இருசக்கர வாகனங்கள் இடைவெளிகளில் நுழைந்து கலந்து செல்லும் சாலைகளில் இந்த எண்கள் மாறும். ஆனால் சாலையின் திறனைத் தீர்மானிப்பது அதன் மிகக் குறுகிய புள்ளிதான் என்பது எங்கும் மாறாது.

அப்படியானால் சந்திப்பைப் பாலத்தால் தாண்டிவிடலாமே என்ற கேள்வி உடனே எழும். தாண்டலாம். நேராகச் செல்லும் வாகனங்கள் பெருவாரியாக இருந்து, பாலம் இறங்கும் இடத்திற்குப் பிறகு அவற்றை ஏற்க இடமும் இருந்தால் பாலம் நல்ல தீர்வுதான். நானே அத்தகைய பாலங்களுக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறேன். ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. பாலத்திலிருந்து இரண்டு தடங்களும் கீழே சர்வீஸ் சாலையிலிருந்து இரண்டு தடங்களும் வந்து, அப்பால் இருக்கும் இரண்டே தடங்களுக்குள் நுழையப் பார்க்கின்றன. மேலிருந்து வருகிறவர் இடப்புறம் திரும்ப வேண்டும், கீழிருந்து வருகிறவர் வலப்புறம் போக வேண்டும். போதாக்குறைக்குப் பேருந்து நிறுத்தத்தையும் சரியாக அந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள்.

புதிய சாலை புதிய வாகனங்களை வரவழைக்கும் என்பது எங்கள் துறையில் பழைய செய்தி. நகர விரைவுச் சாலைகளில் உச்ச நேர நெரிசல் சாலையின் கொள்ளளவு வரை வளர்ந்து நிரப்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார். அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலைகளின் நீளம் கூடும் ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தொலைவும் கூடுகிறது என்பதை 2011-இல் டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் தரவுகளோடு காட்டினார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலை 2008-இல் விரிவாக்கி முடிக்கப்பட்டபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயண நேரம் மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது. வலைப்பின்னலில் ஒரு சாலையைச் சேர்ப்பதாலேயே எல்லோருடைய பயணமும் நீளக்கூடும் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிக் பிரெஸ் 1968-இல் நிறுவினார். சியோல் நகரமோ சோங்க்யேசோன் ஓடையின் மேல் சென்ற உயர்மட்டச் சாலையையே 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டது. நகரம் முடங்கிப்போகும் என்று அஞ்சியவர்கள் அஞ்சியது நடக்கவில்லை. இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் கையெழுத்திடும் அறிக்கைகளில்கூட இவற்றில் ஒரு வரியும் இடம்பெறுவதில்லை.

அறிக்கைகள் எப்படித் தயாராகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நிரம்பி வழியும் சந்திப்பில் நிறுத்தக் கோட்டருகே நின்று வாகனங்களை எண்ணினால், அந்தச் சந்திப்பு எவ்வளவு கடத்துகிறது என்பதுதான் தெரியுமே தவிர எவ்வளவு பேர் கடக்க விரும்புகிறார்கள் என்பது தெரியாது; அதற்கு வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்து, அங்கிருந்து எண்ண வேண்டும். பள்ளி விடுமுறையில் எடுத்த கணக்கெடுப்பைக்கூட நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிறகு அந்த எண்ணை ஆண்டுக்கு 7.5 சதவீதம் வளர்த்துக்கொண்டே போனால் இருபதாவது ஆண்டில் நான்கு மடங்கைத் தாண்டிவிடும், பாலத்திற்கு நியாயமும் கிடைத்துவிடும். நான்கு மடங்கு வாகனங்கள் பாலத்தை விட்டு இறங்கி எங்கே போகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

புதுத் தார் காய்வதற்குள் குழாய் பதிக்கத் தோண்டும் கதையை நான் விவரிக்கத் தேவையில்லை. சாலைப் பணி தொடங்கும் முன்பே நிலத்தடியில் என்னென்ன போகிறது என்ற வரைபடத்தை எல்லாத் துறைகளிடமிருந்தும் வாங்குங்கள். பிறகு தோண்டாமலேயே நுழைத்துக்கொள்ளக் குறுக்கே வெற்றுக் குழாய்களைப் பதித்துவையுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு மன்னிப்பே கிடையாது.

பயன் தந்த வழிகள் உலகில் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் 1975-லேயே உச்ச நேரத்தில் மையப் பகுதிக்குள் நுழையக் கட்டணம் வைத்தது. லண்டன் 2003-இல் தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் 2006-இல் சோதனையாக வசூலித்தபோது கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் பெருமளவு திரும்பி வந்தன. 2007-இல் கட்டணம் நிலையானது. கட்டணம் விதிக்க எல்லா ஊருக்கும் துணிவு வராது என்பதை நான் அறிவேன். ஆனால் ஒரு தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்குவதற்கு அவ்வளவு துணிவு தேவையில்லை. அறுபது பேரைச் சுமக்கும் நூறு பேருந்துகள் ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம் பேரைக் கொண்டுபோகும். ஒருவர் இருவராகச் செல்லும் கார்கள் அதே தடத்தில் மூவாயிரத்தைத் தாண்டுவதே கடினம்.

வடிவமைப்பவர்களுக்கு: வரைபடத்தை இருபுறமும் குறைந்தது இரண்டு சந்திப்புகள் வரை நீட்டுங்கள். பாலத்தைப் பற்றிப் பேசும் முன் சிக்னல் நேரங்களையும், திரும்பும் தடங்களையும், நிறுத்தக் கோட்டருகே சாலையோரம் நிறுத்திவைக்கப்படும் வாகனங்களையும் சரிசெய்து ஓரிரு மாதம் பாருங்கள். பல இடங்களில் பெயின்டும் சில கான்கிரீட் தடுப்புகளுமே போதுமானவையாக இருந்திருக்கின்றன. நடைபாதையை வெட்டித் தடம் சேர்க்காதீர்கள். நடப்பவர் சாலைக்குள் இறங்கினால் சேர்த்த தடம் அன்றே போய்விடும். கட்டுமானக் காலத்திற்கான மாற்றுப்பாதைத் திட்டத்தை ஒப்பந்ததாரரின் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவாதீர்கள்.

பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் ஒரு பாலம் அறிவிக்கப்பட்டால், கைதட்டும் முன்னரோ எதிர்க்கும் முன்னரோ விரிவான திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தத் தேதியில், எந்த இடத்தில் நின்று வாகனங்களை எண்ணினார்கள் என்று பாருங்கள். பாலம் இறங்கும் இடத்திற்கு அடுத்த சந்திப்பின் பெயர் அதில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், அதை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.