பச்சை விளக்கு எரியாத மதியம்

சிறிய விமானங்களைப் பழுதுபார்ப்பவனுக்கு மதிய வேளையில் வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் நல்லதற்கு இருக்காது. அன்று எங்களிடம் பராமரிப்புக்கு வரும் பைப்பர் ஆரோ, சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் சிறிய விமானம் ஒன்று, ஓடுபாதைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சக்கரங்களை இறக்கியாயிற்று, ஆனால் ஒவ்வொரு சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, வியர்வையில் நனைந்த உரிமையாளர் ஒழுங்காகவே தரையிறங்கினார். ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. விடியுமுன் கிளம்பியபோது போட்ட இறக்கை நுனி விளக்குகளை அவர் அணைக்க மறந்திருந்தார். அவை எரிந்தால், இரவில் கண் கூசாமலிருக்க, அந்த விமானத்தில் பச்சை விளக்குகள் தாமாக மங்கிவிடும். உச்சி வெயிலில் அந்த வெளிச்சம் கண்ணில் படாது. ஒன்று மட்டும் எரியாவிட்டால், எரிகிற பல்பைக் கழற்றி அங்கே மாட்டிப் பாருங்கள்.

உண்மையிலேயே பழுது என்றாலும் ஆரோவில் வழி உண்டு. சக்கரங்களை மேலே தாங்குவது பூட்டு அல்ல, ஹைட்ராலிக் அழுத்தம். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அவசர நெம்புகோல் அந்த அழுத்தத்தை விடுவிக்கும். சக்கரங்கள் தம் எடையாலேயே விழும். வேகத்தைக் குறைத்து நெம்புகோலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் பூட்டிக்கொள்ளவில்லையென்றால், சுக்கான் மிதியால் விமானத்தின் மூக்கை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பீச்கிராஃப்ட் பொனான்சா என்ற இன்னொரு சிறிய விமானத்தில், சக்கரங்களை இறக்கும் மின்மோட்டார் நின்றுவிட்டால் கைப்பிடியை ஏறத்தாழ 50 முறை சுற்ற வேண்டும். தோள் வலிக்கும் வேலை.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தருகே தாழப் பறந்தால், சக்கரங்கள் தொங்குகின்றனவா என்று அங்கிருப்பவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பூட்டிக்கொண்டனவா என்று அவர்களால் சொல்ல முடியாது.

எதுவும் பலிக்காவிட்டால் வயிற்றால் இறங்க வேண்டியதுதான். 2024 மே 13 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் ஒரு கிங் ஏர் விமானம் எரிபொருளைக் குறைக்கச் சுமார் 3 மணி நேரம் சுற்றிவிட்டு, சக்கரமின்றி இறங்கியது. உள்ளே இருந்த மூவருக்கும் காயமில்லை.

புரொப்பல்லரைக் காப்பாற்ற வானிலேயே இன்ஜினை அணைப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கணக்குத் தவறினால் மீண்டும் எழும்ப எதை வைத்திருக்கிறீர்கள்? வளைந்த புரொப்பல்லரை என் தலையில் கட்டுங்கள், மாற்றித் தருகிறேன்.

ஆண்டுச் சோதனையில் விமானம் ஜாக்கிமேல் நிற்கும்போது உரிமையாளரை அழைத்து, அந்த நெம்புகோலை அவர் கையாலேயே இயக்கச் சொல்கிறேன். பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர்களிலும் சிலர் முதலில் கேட்பது, "அது எங்கே இருக்கிறது?" என்றுதான்.