பி.யூ.இ. என்னும் மின்செலவு விகிதம்

ஒரு தரவு மையத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, அங்குள்ள கணினிக் கருவிகள் மட்டும் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்தான் பி.யூ.இ. ‘பவர் யூசேஜ் எஃபெக்டிவ்னெஸ்’ என்பதன் சுருக்கம் இது. வழங்கிகள் (சர்வர்கள்), சேமிப்பகங்கள், வலையமைப்புச் சுவிட்சுகள் ஆகியவை கீழ் எண்ணில் சேரும். குளிரூட்டல், யுபிஎஸ் இழப்பு, மின்மாற்றி இழப்பு, விளக்கு எல்லாம் மேல் எண்ணில் மட்டும் சேரும். விகிதம் 2.0 என்றால், வழங்கிக்கு ஒரு யூனிட் கொடுக்கக் கட்டடம் இன்னொரு யூனிட்டைத் தின்கிறது என்று பொருள். 1.0 என்பது எட்ட முடியாத அடிமட்டம்.

இந்த அளவையை 2007இல் பரப்பியது ‘தி கிரீன் கிரிட்’ என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு. அதோடு ‘டி.சி.ஐ.இ.’ என்ற இன்னொன்றையும் முன்வைத்தார்கள். அது இதன் தலைகீழ்: கணினிக் கருவிகளின் மின்சாரத்தை மொத்தத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. 2.0 என்பது அங்கே 50 சதவீதம். நிலைத்தது முதலாவதுதான். 2016இல் அது ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 30134-2 என்ற பன்னாட்டுத் தரமானது.

பெயரில் ஒரு கோளாறு உண்டு. ‘எஃபெக்டிவ்னெஸ்’, ‘எஃபிஷியன்சி’ இரண்டும் ‘செய்து முடி’ என்று பொருள்படும் ‘எஃபிகெரே’ என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. இரண்டுமே கூடக் கூட நல்லது என்ற எண்ணத்தைத் தருபவை. பி.யூ.இ.யோ கூடக் கூடக் கேடு. வண்டியின் எரிபொருளை ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று கேட்காமல் ‘100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்’ என்று கேட்பது போன்ற கணக்கு இது.

தமிழில் இதை ‘மின்திறன் பயன்பாட்டுத் திறன்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சிக்கல் இரட்டிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘திறன்’ என்பது வாட்டில் அளக்கும் பவர். எஃபிஷியன்சிக்கு ‘பயனுறு திறன்’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் பவர் ‘வலு’, எனர்ஜி ‘சக்தி’, எஃபிஷியன்சி ‘வினைத்திறன்’, எஃபெக்டிவ்னெஸ் ‘விளைதிறன்’. இலங்கை வழக்கில் இந்த நான்கும் தனித்தனியே நிற்பது பெரிய வசதி. ஆனாலும் ‘வலுப் பயன்பாட்டு விளைதிறன் 1.8இலிருந்து 1.5 ஆகக் குறைந்தது’ என்று படிப்பவர், நிலைமை மோசமாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே ‘மின்செலவு விகிதம்’ என்பதே தகுந்த சொல் என்பது எங்கள் தேர்வு. செலவு கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணினிக் கருவிகள் எடுப்பதைக் ‘கணிமின்’ என்றும், மற்றவை எடுப்பதைப் ‘புறமின்’ என்றும் பிரித்தால் வாய்பாடு ஒரே வரியில் முடியும்: கணிமின்னும் புறமின்னும் கூட்டி, கணிமின்னால் வகுக்கவும்.

கூடவே வரும் இரண்டு சொற்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லத்தீனில் ‘டேட்டம்’ என்றால் கொடுக்கப்பட்டது. தமிழில் ‘தரு’விலிருந்து ‘தரவு’. ‘சர்வர்’ ஏவல் செய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ‘வழங்கி’ அந்த ஏவல் தொனியை விட்டுவிட்டுச் செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது.

தொழில் வட்டாரத்துச் சொல் ஒன்று அரசு ஆணைகளுக்குள் நுழைந்த பாதையை அமெரிக்காவில் தெளிவாகப் பார்க்கலாம். 2006 டிசம்பரில் இயற்றப்பட்ட 109-431ஆம் எண் பொதுச்சட்டம், தரவு மையங்களின் மின்நுகர்வை ஆராய்ந்து சொல்லும்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைப் பணித்தது. 2007 ஆகஸ்டில் வந்த அறிக்கையின் கணக்கு இது: 2006இல் அந்நாட்டுத் தரவு மையங்களும் வழங்கிகளும் எடுத்தது சுமார் 6,100 கோடி யூனிட். நாட்டின் மொத்த நுகர்வில் 1.5 சதவீதம், சுமார் 450 கோடி டாலர் கட்டணம். அதில் ஏறத்தாழப் பாதி புறமின், அதாவது விகிதம் 2.0 அளவில் இருந்தது. நடுவண் அரசின் பங்கு மட்டும் சுமார் 600 கோடி யூனிட். போக்கு மாறாவிட்டால் 2011க்குள் மொத்தம் 10,000 கோடி யூனிட்டைத் தாண்டும் என்று அறிக்கை எச்சரித்தது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பின்னர் கணித்தபடி, 2014இல் கூட அது சுமார் 7,000 கோடி யூனிட்தான். பல வழங்கிகளின் வேலையை ஒன்றில் அடுக்கும் மெய்நிகராக்கம், பெரிய மையங்களுக்கு இடம்பெயர்தல், குறைந்த புறமின் ஆகியவை சேர்ந்து வளர்ச்சியை அப்படி அடக்கின. அடக்கம் நீடிக்கவில்லை. அதே ஆய்வகத்தின் 2024 அறிக்கையில் 2023க்கான எண் 17,600 கோடி யூனிட், நாட்டு நுகர்வில் 4.4 சதவீதம்.

விகிதத்துக்கு எண் குறித்தது 2015 மார்ச்சில் வந்த 13693ஆம் நிர்வாக ஆணை. நடுவண் அரசின் புதிய தரவு மையங்களுக்கு 1.2 முதல் 1.4 வரை, பழையவற்றுக்கு 1.5க்குக் கீழ். 2016 ஆகஸ்டில் அதே அரசு தொடங்கிய தரவு மையச் சீராக்க முனைப்பு, பழையவை 1.5ஐ எட்ட 2018 செப்டம்பர் வரை கெடு வைத்தது. தானாகப் பதியும் மின்மானிகளையும் பொருத்தச் சொன்னது. மானி இல்லாத அறைக்கு விகிதம் கிடையாது. அலுவலகக் கட்டடத்தின் ஒரு மூலையில், கட்டடத்துக்கே ஒரே மானியோடு இயங்கும் வழங்கி அறைகளில் இதுதான் முதல் தடை.

அளக்கும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது கணிமின்னை எங்கே அளப்பது என்பது. ஐ.எஸ்.ஓ. தரம் மூன்று படிகளைத் தருகிறது: யுபிஎஸ் வெளியீட்டில், மின்பகிர்வு அலகின் வெளியீட்டில், கருவியின் மின்நுழைவில். இடம் மாறினால் எண்ணும் மாறும். ஒரு மையம் மாதத்துக்கு 9,00,000 யூனிட் எடுக்கிறது, யுபிஎஸ் வெளியீடு 5,00,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.8. அதே மாதம் கருவிகளின் நுழைவில் அளந்தால் 4,70,000தான் என்றால், விகிதம் 1.91. மையம் ஒன்றுதான், மாதமும் ஒன்றுதான். எந்தப் படி என்று சொல்லாத விகிதத்தை மற்றொரு மையத்தோடு ஒப்பிடுவது வீண். அடுத்தது காலம். கணக்கு 12 மாத யூனிட்டுக்கு உரியது; குளிர்கால இரவு ஒன்றின் கிலோவாட் எண்ணை வைத்து ஆண்டு விகிதம் சொல்வது தவறு. டீசல் மின்னாக்கி கொடுத்த மின்சாரத்தையும், பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரும் குளிர்நீருக்கான மின்சாரத்தையும் மேல் எண்ணில் சேர்க்காமல் விடுவதும் அடிக்கடி நடப்பது.

புறமின்னைக் குறைக்கும் வேலைகளில் பெரும்பகுதி காற்றைப் பற்றியது. வழங்கிகளை அடுக்கும் சட்டகத்தில் காலியாக உள்ள இடங்களை மறைப்புத் தகடுகளால் அடைத்தால் பின்பக்க வெப்பக்காற்று முன்பக்கம் சுற்றி வராது. குளிர்ப் பாதையும் வெப்பப் பாதையும் பிரிந்த பிறகுதான் வெப்பநிலையை ஏற்ற வேண்டும். பிரிக்காமல் ஏற்றினால் சட்டகத்தின் மேல்தட்டு வழங்கிகள் முதலில் சூடாகும். குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான அஷ்ரே பரிந்துரைக்கும் காற்று நுழைவு வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். விசிறிகளை மாறுவேக இயக்கிக்கு மாற்றுவது கைமேல் பலன் தரும். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடியைப் பின்பற்றுவதால், 80 சதவீத வேகத்தில் ஏறத்தாழ 51 சதவீத மின்சாரம் போதும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் துரத்தினால் கணக்கு வழிமாறிவிடும். மேலே சொன்ன மையத்தில் வேலையின்றி ஓடும் வழங்கிகளை அணைத்து 1,00,000 யூனிட் கணிமின்னை மிச்சப்படுத்துகிறோம். யுபிஎஸ், மின்மாற்றி இழப்புகளில் ஒரு பகுதி சுமை குறைந்தாலும் மாறாது. நிலைவேகப் பம்புகளும் அப்படியே ஓடும். அதனால் புறமின் 4,00,000இலிருந்து 3,40,000க்குத்தான் இறங்குகிறது என்போம். மொத்தம் 7,40,000. மாதம் 1,60,000 யூனிட் மிச்சம், விகிதமோ 1.8இலிருந்து 1.85 ஆக ஏறுகிறது! எண்ணைப் பார்த்து மதிப்பெண் போடும் அதிகாரி, நல்ல வேலை செய்தவரைக் கண்டிப்பார். எதிர்த்திசையிலும் இது நடக்கும். அறை வெப்பநிலையை அளவுக்கு மேல் ஏற்றினால் வழங்கிக்குள் இருக்கும் விசிறிகள் வேகமெடுக்கும். அவை எடுப்பதும் கணிமின் கணக்கில் சேர்வதால் விகிதம் குறையும். மொத்தக் கட்டணம் கூடக்கூடும்.

வழங்கி உருப்படியான வேலை செய்கிறதா என்ற கேள்வியை மின்செலவு விகிதம் தொடுவதே இல்லை. அதற்கு வேறு கருவிகள் வேண்டும், அரசுகளும் அவற்றைச் சேர்த்தன. 2016 முனைப்பிலேயே வழங்கிப் பயன்பாடு 65 சதவீதம், ஒரு வழங்கிப் பொறிக்கு நான்கு இயங்குதளங்களாவது என்ற இலக்குகள் இருந்தன. 2019இல் முனைப்பைத் திருத்தியபோது மெய்நிகராக்கமும் வழங்கிப் பயன்பாடும் தொடர்ந்தன, மின்செலவு விகிதம் இலக்குப் பட்டியலிலிருந்து விடுபட்டது. ஒரு மையத்தை அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடவே அந்த எண் ஏற்றது என்பதால், அந்தத் திருத்தம் சரியென்றே கருதுகிறோம். வழங்கிக்கான எனர்ஜி ஸ்டார் என்ற அமெரிக்க மின்சிக்கன முத்திரை 2009 மே மாதம் வந்தபோது, மின்வழங்கு அலகின் பயனுறு திறனையும் சும்மா இருக்கும்போது எடுக்கும் வாட்டையும் பார்த்தது. 2019இல் வந்த மூன்றாம் பதிப்பு, வேலை செய்யும்போது ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதற்கு நகர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/424ஆம் ஒழுங்குமுறை 2020 மார்ச் முதல் இவற்றைச் சந்தைக்கு வரும் வழங்கிகளுக்குக் கட்டாயமாக்கியது.

விகிதத்தைச் சட்டத்திலேயே வைத்திருக்கும் நாடு ஜெர்மனி. 2023ஆம் ஆண்டு இயற்றிய சட்டப்படி, 2026 ஜூலைக்கு முன் இயங்கத் தொடங்கிய மையங்கள் 2027 ஜூலை முதல் 1.5, 2030 ஜூலை முதல் 1.3 என்ற ஆண்டுச் சராசரிக்குள் இருக்க வேண்டும். அதன்பின் வருபவற்றுக்கு 1.2. கூடவே, வெளியேறும் வெப்பத்தில் ஒரு பங்கை மறுபடி பயன்படுத்தவும் அது சொல்கிறது.

வெப்பமண்டலத்தில் 1.2 எளிதல்ல, வெளிக்காற்றால் குளிர்விக்கும் மாதங்கள் இங்கே இல்லை. புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை 2019இல் நிறுத்திவைத்த சிங்கப்பூர், 2022இல் மீண்டும் திறந்தபோது 1.3 என்று நிர்ணயித்தது. 2023இல் அது வெளியிட்ட எஸ்.எஸ். 697 தரம், அறைகளைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் ஏற்ற வழிகாட்டுகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. சென்னைச் சூழலுக்கு ஜெர்மன் எண்ணைவிட இந்தத் தரமே பொருத்தமான அளவுகோல். நடைமுறைப்படுத்துவோர் ஒவ்வொரு டிகிரி ஏற்றிய பின்னும் விகிதத்தை மட்டும் பார்க்காமல் மொத்த யூனிட்டையும் குறித்து வைக்க வேண்டும். மொத்தம் ஏறத் தொடங்கும் டிகிரியில் நிறுத்திக்கொள்ளலாம்.