பச்சைப் பாலும் சீஸும்: மால்டா ஆடுகள் காட்டிய வழி

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மத்தியதரைக் கடலில் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மால்டா தீவின் வலெட்டா நகரில் ஆட்டு மந்தைகளைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து பால் விற்பார்கள். வீட்டுக்காரர் பாத்திரத்தை நீட்டினால், வாசற்படியிலேயே ஆட்டை நிறுத்தி, நுரை ததும்பக் கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலந்த பாலோ, பழைய பாலோ என்ற ஐயத்துக்கே அங்கு இடமில்லை. ஆனால் அதே தீவில் பிரிட்டிஷ் படைவீரர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் ஒரு விநோதக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். உடல் வியர்த்துக் காய்ச்சல் தணியும், சில நாளில் மீண்டும் ஏறும், மூட்டுகள் வலிக்கும். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களும் உண்டு.

நோய்க்கிருமியை டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் 1887-இல் கண்டறிந்துவிட்டார். அந்தக் கிருமிக்குப் புரூசெல்லா என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்து வந்ததே. ஆனால் அது மனிதரை எவ்வழியில் வந்தடைகிறது என்பது மேலும் 18 ஆண்டுகள் விளங்கவில்லை. 1905-இல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோகிள்ஸ் ஸாமித், சோதனைக்காகக் கொண்டுவந்த ஆடுகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அந்தத் தொற்றைச் சுமந்திருப்பதைக் கண்டார். பாலிலும் கிருமி இருந்தது. எனினும் அந்த ஆடுகள் நன்றாக மேய்ந்தன, நன்றாகக் கறந்தன; நோயின் அறிகுறி எதுவும் வெளியில் தெரியவில்லை. அதே ஆண்டு அறுபதுக்கும் மேற்பட்ட மால்டா ஆடுகளை ஏற்றிச் சென்ற ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில், வழியெல்லாம் அவற்றின் பாலைக் குடித்துவந்த மாலுமிகள் பலர் அந்தக் காய்ச்சலில் விழுந்தனர். 1906-இல் படையினருக்கு ஆட்டுப்பால் தருவது நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்தது.

பால் கெடுவது வேறு, பாலில் நோய் இருப்பது வேறு. பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குவதால் நாக்கும் மூக்கும் உடனே எச்சரிக்கின்றன. புரூசெல்லா இருக்கும் பாலோ திரிவதில்லை, நாறுவதில்லை. மேலும் அது அழுக்குக் கையிலிருந்தோ கழுவாத செம்பிலிருந்தோ மட்டும் வருவதன்று. விலங்கின் மடிக்குள்ளேயே குடியிருந்து பாலோடு இறங்குவது. ஆகவே மடியை எவ்வளவு சுத்தமாகக் கழுவிக் கறந்தாலும் அந்தப் பால் பாதுகாப்பானதாகிவிடாது. மனித உடலுக்குள் சென்றபின், கிருமிகளை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே அது உயிரோடு பதுங்கி, அவற்றின் வழியாகவே கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை பரவுகிறது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதும், இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளை ஆறு வாரம் வரை தொடர வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இவ்வளவு பிடிவாதமான கிருமி வெப்பத்துக்கு எளிதில் பணிந்துவிடுகிறது. பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்திருக்கும் பாஸ்சரைசேஷன் முறையில் புரூசெல்லா, காசநோய்க் கிருமி, லிஸ்டீரியா, சிறுவர்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் ஈ. கோலை வகை ஆகிய அனைத்தும் அழிகின்றன. புரதமும் கால்சியமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பச்சைப் பாலில் இயல்பாக உள்ள பாஸ்படேஸ் என்னும் நொதி, இக்கிருமிகள் அழிவதற்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதல் வெப்பத்தில்தான் செயலிழக்கும். எனவே அந்த நொதி மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தே பால் சரியாகச் சூடேறியதா என ஆலைகள் உறுதிசெய்கின்றன.

சீஸ் செய்யும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. நம் பனீரைக் கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து திரிக்கிறோம். கிருமி அழியும் கட்டம் செய்முறையிலேயே அடங்கியிருக்கிறது. சீஸையோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் போன்ற நொதியைச் சேர்த்து, ஏறத்தாழ 30 டிகிரி வெதுவெதுப்பிலேயே உறையவைக்கிறார்கள். ஒரு கிலோ சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பால் தேவை. அதிலிருந்த கிருமிகளில் பெரும்பகுதி கட்டியாகும் தயிர்ப்பகுதியிலேயே சிக்கிக்கொள்கிறது. ஈரமும் குறைந்த புளிப்பும் உள்ள மென்மையான சீஸ் லிஸ்டீரியாவுக்கு உகந்த இடம். அந்தக் கிருமி குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் பெருகும். 1985-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மெக்சிகோ வகை மென்சீஸால் 142 பேருக்கு லிஸ்டீரியா தொற்றியது. அவர்களில் 93 பேர் கர்ப்பிணிகளோ பச்சிளங் குழந்தைகளோ ஆவர். கருவிலேயே இறந்தவை 20. அந்தச் சீஸில் பாஸ்சரைஸ் செய்யாத பால் கலந்திருந்தது. தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் போலத் தோன்றும் தொற்று நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைக் கொல்வதால், கர்ப்பிணிகள் இவ்வகைச் சீஸை அறவே தவிர்ப்பதுதான் சரி. குறைந்தது 12 மாதம் முதிரவைக்கும் பார்மீஜானோ போன்ற கடினச் சீஸில் ஈரம் மிகக் குறைவு என்பதால் அபாயமும் மிகக் குறைவு.

மால்டாவில் 1938-இல் பாஸ்சரைசேஷன் வந்தது. இருந்தும் 1995-இல், காய்ச்சாத பாலில் செய்த சிறு சீஸ் உருண்டைகளால் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் மீண்டும் அதே காய்ச்சலில் விழுந்தனர்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் பழக்கம் பாஸ்சரைசேஷனையும் விஞ்சிய பாதுகாப்பு. ஆனால் குழந்தைக்கு நல்லதென்று கறந்த சூட்டோடு ஆட்டுப்பாலைப் புகட்டுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தக் கிருமியால் மாட்டுக்கு வருவதைத்தான் நம் கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய், அதாவது சினை மாடு கருவைக் குறைமாதத்தில் ஈன்றுவிடும் நோய், என்கிறார்கள். 4 முதல் 8 மாத வயதுக் கிடாரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும், பால் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலேயே இந்தக் காய்ச்சல் தொற்றக்கூடும்.